திருச்சிக்கு ஒரு நிறம் வாங்கப் போனேன்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு என் மகன் ரவி கார்க் கொட்டகையின் கதவைத் திறந்தான். நேரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கால் முறிந்து ஏழு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு முதல் நாள்தான் வீடு வந்திருந்தான். பத்து மணிக்குள் அவனைத் திரும்பப் படுக்க வைக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. அதனால் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே அவன் பின்னால் நின்றேன். ஒன்பது பதினொன்றுக்கு அவன் கதவைச் சாத்திவிட்டான்.

"அப்பா, இது ஆருடைய கார்?" என்று கேட்டான்.

அவனுடைய கார்தான். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையில்லாத, முப்பது வருஷப் பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத் துரையிடம் வாங்கி, இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஆணியாகக் கழற்றிப் பூட்டியிருந்தான். கொழும்பில் எங்கள் வீட்டுக்குப் பொங்கலுக்காக வெள்ளையடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். பிள்ளை வீட்டுக்கு வரப்போகிறான், சுவர் பளிச்சென்று இருக்க வண்டி மட்டும் ஏன் மங்கிப்போய் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நல்ல பட்டறை ஒன்றில் கொடுத்து, பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டி எடுத்து, செக்கச் செவேல் என்று அடித்து, முகப்பில் ஒரு செவ்வந்தி மாலையும் போட்டு நிறுத்தியிருந்தேன்.

மங்கல் என்று நான் நினைத்தது மங்கல் இல்லை. அதன் நிறமே அதுதான். அந்தக் கம்பெனி ஒரே ஒரு வருஷம்தான் அந்த நிறத்தைப் போட்டதாம். வாங்க ஆளில்லாமல் நிறுத்திவிட்டதாம். ரவியின் கூட்டாளிகள், பழைய கார்ப் பைத்தியங்கள், மறுநாள் வரிசையாக வந்து கொட்டகையில் நின்றார்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் போல ஒருவரும் பெரிதாய்க் கதைக்கவில்லை. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவுமில்லை.

அதற்குப் பிறகு ரவி என்னோடு கதைக்காமல் இருந்தான் என்று சொல்ல முடியாது. "ஓம்", "இல்லை", "மருந்து குடிச்சிட்டன்" என்று மூன்று வசனம் கதைத்தான். மூன்று மாதமும் அதே மூன்று வசனம். இருபத்துநான்கு வயதுப் பிள்ளை. அதட்டவும் முடியாது, மடியில் வைத்துத் தேற்றவும் முடியாது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் இரங்கி எனக்கு ஒரு தகவல் தந்தார். அதே வருஷம், அதே நிறம், மேல்பூச்சு படாத வண்டி ஒன்று தென்னிந்தியாவில் ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அந்த நிறத்தை இனிக் கலக்க முடியும். சித்திரை விடுமுறைக்கு நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் மூடியதும், கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். ஸ்ரீரங்கம் என்பதால் பாதி உண்மை.

திங்கட்கிழமை திருச்சியில் இறங்கினேன். வெயில் என்றால் அதுதான் வெயில். கொழும்பில் வியர்க்கும், இங்கே வியர்வை வெளியே வருவதற்கு முன்பே காய்ந்துவிடுகிறது. விடுதிக்குப் போக ஜட்கா வண்டி பிடித்தேன். அதில் இருக்கை கிடையாது. வைக்கோல் மேல் விரித்த சாக்கில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். ஏறியதும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "முன்னாடி தள்ளி உக்காருங்க சார், குதிரை மேல போவுது" என்றார். தள்ளினேன். "ரொம்ப வந்துட்டீங்க, இப்ப குதிரை கீழ போவுது" என்றார். ஊர் முழுக்க இப்படி முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டே போனேன். இருபத்தாறு வருஷமாக நெம்புகோல் தத்துவம் கற்பிப்பவன் நான். அதற்குள் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான்.

விடுதிக்குக் கீழே சாப்பாட்டுக் கடை. வெண்பொங்கலில் நெய் கையெல்லாம் வழிந்தது. பரிமாறுபவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "சிலோனா சார்? அப்ப காபி வேணாம், உங்களுக்கு டீ தரேன்" என்று மரியாதையாக ஒரு டம்ளர் கொண்டுவந்தார். தேயிலை நாட்டிலிருந்து வந்தவன் என்பதற்காகக் குடித்துவைத்தேன். மறுநாள் முதல் என் யாழ்ப்பாணப் பேச்சை வெளியில் விடவில்லை. வாயை மூடிக்கொண்டு பக்கத்து மேசைக் காபியைக் கையால் காட்டினேன். அந்தக் காபிக்காக மட்டும் அந்த ஊரில் குடியேறலாம்.

பின்னேரம் ஸ்ரீரங்கம் போனேன். உத்திர வீதியில் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இருக்கவில்லை. "டாக்டர் சம்பத்" என்றதும் பூக்காரர், "கார் டாக்டரா, காய்ச்சல் டாக்டரா?" என்று கேட்டார். இருவரும் ஒருவர்தானாம். எந்த நேரத்தில் எது என்பதுதான் கேள்வி. அந்த நேரத்தில் கார்.

டாக்டர் சம்பத் அறுபது வயதுக்காரர். மேல்சட்டையில்லாமல், நெற்றியில் திருமண்ணோடு, மெல்லிய பழைய வேட்டித் துண்டால் காரின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாயகம் திரும்பிய ஒரு ரயில்வே துரை விட்டுப்போன வண்டியாம். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே துடைத்தார். "சிவப்பு அடிச்சிட்டன்" என்ற இடத்தில் கை நின்றது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமிக்குச் சொல்லுங்கோ, கொஞ்சம் தீர்த்தம் கொண்டுவரச் சொல்லி" என்றார்.

மாமி என்று அவர் சொன்னது அவருடைய மனைவியை, தீர்த்தம் என்றது குடிக்கத் தண்ணீரை. அவர் செம்போடு வந்து, "என்ன, யாருக்காவது உடம்பு முடியலையா?" என்று கேட்டார்.

"இவர் பிள்ளையோட வண்டிக்கு."

"நல்லவேளை" என்றார் மாமி. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க உள்ள வாங்கோ. இவர்கிட்ட பேசினா உங்களுக்குச் சித்தம் கலங்கிடும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வெக்க விடமாட்டேங்கறார். நிறம் கெட்டுடுமாம். நான் சக்கரத்துக்கு வெச்சு, சக்கரத்தையே பெருமாளா நினைச்சுக்கறேன்" என்றார்.

இவ்வகை மனிதர்களை எனக்கு ரவியின் மூலம் தெரியும். ஆனால் இந்த வயதில், இந்தக் கோலத்தில் ஒருவரைப் பார்ப்பேன் என்று எண்ணவில்லை. பெங்களூரில் ஒருவர் இதே மாடலை இளம்பாலாடை நிறத்தில் வைத்திருக்கிறாராம். டாக்டரும் அவரும் பல வருஷமாகக் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். "அவருக்கு எத்தனை குழந்தைகள்னு எனக்குத் தெரியாது. அவர் வண்டி மட்கார்டுக்கு அடியில என்ன நிறம்னு தெரியும்" என்றார். "சிவப்பு யார் வேணும்னாலும் வெச்சுக்கலாம், மாஸ்டர். யாருக்கும் பிடிக்காம நின்னுபோனது பாருங்கோ, அதுக்குத்தான் நாங்க அலையறது."

அப்போதுதான் நான் வண்டியைச் சரியாகப் பார்த்தேன். சாம்பலும் இல்லை, ஊதாவும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று விட்டுக்கொடுத்த மாதிரி ஒரு நிறம். வெங்காயத் தோல் என்றார் மாமி. எதிர்வீட்டு அம்மாள் வந்து, வெளுத்துப்போன கத்தரிப்பூ, தன்னிடம் அதே நிறத்தில் உறையூர்ப் புடவை இருக்கிறது என்றார். புடவை வந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. புடவையை யார் எப்படித் துவைத்தார்கள் என்று கதை அந்தப் பக்கம் போய்விட்டது.

"உங்க பிள்ளை வண்டியும் இதே நிறம்தானே?" என்று டாக்டர் கேட்டார்.

நான் குனிந்து கதவை இன்னொரு முறை பார்த்தேன்.

"ரெண்டு வருஷம் உங்காத்திலேயேதானே நின்னுது?"

"நின்றது" என்றேன். தினமும் காலையில் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். திருப்பிக் கொடுக்காத இரவல் புத்தகத்தைப் போல அதைக் கண்டும் காணாமலும் போயிருக்கிறேன். "இந்த மாதிரி" என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

டாக்டர் மறுபடி துடைக்கத் தொடங்கினார். அதட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிறம் கலக்க அரியமங்கலத்தில் காதர் பாய் ஒருவர்தான் என்றார். அவர் பட்டறையை விட்டு வரமாட்டார். கதவிலிருந்து ஒரு துளி பெயின்டைச் சுரண்டித் தர டாக்டர் சம்மதிக்கமாட்டார். ஆகவே கார்தான் அங்கே போக வேண்டும். ஒரு ராத்திரிகூட அதை வெளியில் நிறுத்தமாட்டேன், தினம் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

செவ்வாய்க்கிழமை காலை புறப்பட்டோம். நான் பக்கத்து இருக்கையில். கால் நீட்டத்தான் இடம் இருந்தது, மடக்க இடமில்லை. மாம்பழச் சாலை தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறினோம். ஆறு முழுக்க மணல். நடுவில் ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர். அதைப் பார்த்து நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது பாலத்தின் சரிபாதியில் வண்டி இருமிவிட்டு நின்றது.

பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் நாலு மாட்டுவண்டி. பஸ் டிரைவர் ஹார்ன் அடிக்கவில்லை. இறங்கி வந்து பார்த்தார். பயணிகளும் இறங்கினார்கள். ஒருவர் பாட்டரி என்றார். ஒருவர் கண் திருஷ்டி என்றார். ஒரு பெரியவர் என்னிடம், "இவ்ளோ சின்ன வண்டில ரெண்டு பேர் போலாமா? நீங்க இறங்கி நடந்தா அதுவா போயிரும்" என்றார்.

"பெட்ரோல் குழாய் சூடாயிடுத்து. ஈரத் துணி வேணும்" என்றார் டாக்டர்.

தயிர்க்கூடை சுமந்த ஒரு பெண், தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து, கூஜாத் தண்ணீரில் நனைத்து நீட்டினார். குழாய் மேல் வைத்ததும் புஸ்ஸென்று ஆவி வந்தது. பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பியது. "சும்மாடு, சும்மாடு" என்று அவர் பின்னாலேயே ஓடிவந்தார். பாலம் முடியும் வரை நிறுத்தப் பயந்த டாக்டர், "நாளைக்குத் தரேன்மா" என்று கத்திக்கொண்டே ஓட்டினார். மறுநாள் பாலத்தின் அதே இடத்தில் அவர் இன்னொரு சும்மாட்டை முன்கூட்டியே நனைத்து வைத்துக்கொண்டு நின்றார். "எப்படியும் நிக்கும்னு தெரியும் சாமி" என்றார். நின்றது.

முதல் நாள் பட்டறையை அடைந்தபோது பதினொரு மணி. காதர் பாய் கட்டையான மனிதர். லுங்கியில் நான் பார்த்த நிறங்களை எல்லாம் எண்ணினால் ஒரு கடை வைக்கலாம். வண்டியைச் சுற்றி வந்தார், தொடவில்லை. அண்ணாந்து சூரியனைப் பார்த்தார்.

"வெயில் ஏறிருச்சு சார். நாளைக்கு வாங்க."

"வண்டி இங்கதானே நிக்குது பாய்" என்றார் டாக்டர்.

"வண்டி நிக்கும். நிறம் நிக்காதுங்க. ஏழரைலேருந்து ஒம்பதரை வரைக்கும்தான் அது உண்மை பேசும். அப்புறம் வெயில் என்ன சொல்லுதோ அதைத் திருப்பிச் சொல்லும்."

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவர் நிறம் பார்ப்பதில்லையாம். மிச்ச நேரம் லாரிக் கதவு, இரும்பு அலமாரி. ஆகவே நாங்கள் திரும்பினோம். மத்தியானம் மாமி இலை போட்டார். சாத்தமுது என்று அவர்கள் சொல்லும் ரசத்தை மட்டும் மூன்று முறை வாங்கிக் குடித்தேன். அக்காரவடிசல் என்ற பாலில் வெந்த சர்க்கரைப் பொங்கல் வந்தபோது கையை மடக்கி மறுத்தேன். "சிலோன்ல மறுத்தா விட்டுடுவாளோ?" என்று கேட்டுக்கொண்டே மாமி ஒரு கரண்டி வைத்தார். எங்கள் ஊரிலும் விடமாட்டார்கள் என்றேன். இன்னொரு கரண்டி விழுந்தது.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கே புறப்பட்டு, பாலத்தில் நின்று, ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். காதர் பாய் கிண்ணத்தில் வெள்ளையைக் கொட்டினார். கறுப்பு சில சொட்டு, நீலம், பிறகு காவிச் சிவப்பு. தின்னரை ஊற்றியதும் பட்டறை முழுக்கக் கனிந்த வாழைப்பழ மணம். கலந்ததை ஒரு தகரத் துண்டில் பூசிக் காயவைத்துக் கார்க் கதவில் சாய்த்துப் பார்ப்பார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு. ஒவ்வொரு துண்டையும் பார்த்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொல்வார்.

"இது கான்வென்ட் பாவாடை."

"இது பல்லி."

"இது நாவப்பழம் தின்ன நாக்கு. கிட்ட வந்துருச்சு."

ஒன்பதரைக்குக் கிண்ணத்தை மூடிவிட்டார். அன்றைக்குப் பதினொரு துண்டுகள். அவருடைய மூத்த அண்ணன், வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர், "ஏன்டா, ஒரு காருக்கு இவ்ளோவா? இந்த நேரத்துல நாலு லாரி அடிச்சிருக்கலாம்" என்றார்.

"லாரிய யாருண்ணே திரும்பிப் பாக்குறா" என்றார் காதர் பாய்.

வியாழக்கிழமை காலை, மூன்றாவது துண்டில் ஒரு துளி மஞ்சள் விட்டார். ஊதாவில் மஞ்சளா என்று நான் கேட்கவில்லை, பயமாக இருந்தது. காய்ந்த துண்டைக் கதவில் வைத்தார். துண்டு காணாமல் போயிற்று. விளிம்பின் நிழல் மட்டும்தான் தெரிந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுப் பார்த்தார். நான் விரலால் தடவித்தான் அது எங்கே முடிகிறது என்று கண்டேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் நெஞ்சுக்குள் ஏதோ இடம் கிடைத்து உட்கார்ந்தது.

சந்தோஷத்தில் டாக்டர், "பாய், உங்களுக்கு ஒண்ணு காட்டறேன்" என்று பின்னாலிருந்த மாற்றுச் சக்கரத்தைக் கழற்றினார். அது இருந்த இடத்தில் ஒரு வட்டம். முப்பது வருஷம் வெயிலே படாத வட்டம். அந்த வட்டத்தின் நிறமும் கதவின் நிறமும் ஒன்றில்லை. உள்ளே இருந்தது இன்னும் ஆழம், இன்னும் ஊதா, கொஞ்சம் ராங்கியானது.

காதர் பாய் துண்டை அங்கே கொண்டுபோய் வைத்தார். இப்போது அது அழுக்குத் துணி மாதிரி இருந்தது.

"இதாங்க பொறந்த நிறம்" என்றார். "இதைத்தான் கலக்கணும்."

"பொறந்த நிறத்தை யார் பார்த்தா?" என்றார் டாக்டர். "ஓடி, வெயில் தின்னு, இப்ப வந்து நிக்கறதே, இதுதான் இந்த வண்டியோட நிறம். புது வண்டி மாதிரி ஆக்கறதுக்கா இவர் கடல் தாண்டி வந்தார்?"

"வெளுத்ததையா சார் புதுசா அடிப்பாங்க?"

"ஏன், நரைச்ச தலைக்கு மை அடிக்கணுமா?"

இருவரும் ஒருவரையொருவர் மதிப்பவர்கள். அதனால்தான் அவ்வளவு கோபமாக வாதாடினார்கள். ஒன்பதரை ஆயிற்று. இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க பையன் வண்டி எது, சார்? இதுவா, அதுவா?" என்றார் பாய்.

எனக்குத் தெரியவில்லை. ரவியின் வண்டி இரண்டு வருஷம் எங்கள் கொட்டகை நிழலில் நின்றது. அதற்கு முன்பு மலைநாட்டு மழையில். அது ஆழமாக இருந்ததா, வெளிறி இருந்ததா? கண்ணை மூடி நினைத்துப் பார்த்தால் நான் அடித்த சிவப்புத்தான் வந்து நின்றது. தவறான நிறத்தை மறுபடி ஒரு டப்பாவில் கொண்டுபோய் அவன் முன்னால் வைப்பதை நினைத்து, இருவரிடமும் ஒரு நாள் தவணை கேட்டேன். ஒரு தடவை கேட்காமல் செய்தேன். இரண்டாவது தடவையும் கேட்காமல் செய்ய முடியாது.

தந்தி ஆபீசுக்குப் போனேன். கோயிலுக்கு வந்த கதை இதோடு தீர்ந்தது. "கார் நிறம் கிடைத்தது. வெளி நிறமா, உள் நிறமா? உடனே பதில். அப்பா." கீழே டாக்டரின் விலாசம். தந்தி எழுதுபவர் ஆங்கிலத்தில் இருந்ததை இரண்டு தடவை படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், கொழும்புக்குப் போறது. உள் நிறம், வெளி நிறம்னு இருக்கு. தங்கம் கிங்கம் சமாச்சாரம் இல்லியே?"

"பெயின்ட்" என்றேன்.

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க" என்று சிரித்தபடி முத்திரை குத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை பதில் இல்லை. பத்து மணிக்கும் இல்லை. பட்டறையில் இரண்டு துண்டுகளும் தயாராக இருந்தன. டாக்டர் சொன்னது ஒன்று, காதர் பாய் சொன்னது ஒன்று, இரண்டையும் பாய் ஆணியடித்துச் சுவரில் மாட்டியிருந்தார். "பதில் வந்ததும் டப்பா கலந்துடலாங்க, இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். அந்த லுங்கிக்குள் இப்படி ஒரு வெள்ளை மனிதர் இருந்தது ஆச்சரியமாக இருந்தது.

நேரம் போகாமல் மலைக்கோட்டைக்கு ஏறினேன். மூச்சு வாங்கி, பாதியில் உட்கார்ந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ரயில்வே ஊழியரோடு கதைத்தேன். பொன்மலைப் பணிமனையில் வேலையாம். அவருக்கும் ஒரு மகன். "உங்களோட கதைக்கிறானோ?" என்று கேட்டேன். "பேச்சை நிறுத்தினா பரவால்லயே சார்" என்றார். மேலே ஏறிப் பார்த்தால் ஆறும் கோபுரங்களும் தென்னந்தோப்பும் ஒரே புகைமூட்டமாய்த் தெரிந்தன. அந்த வாரம் முழுக்க நிறங்களைப் பார்த்துப் பார்த்து, இது என்ன பச்சை, அது என்ன சாம்பல் என்று கண் தானாகவே பிரிக்கத் தொடங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் வந்த புதுப் பழக்கம்.

பின்னேரம் நான்கு மணிக்கு ஸ்ரீரங்கத்தில் தந்தி காத்திருந்தது. மாமிதான் நீட்டினார். தந்தி என்றாலே கெட்ட செய்தி என்பவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். அனுப்பியது ரவி அல்ல, என் மனைவி.

"ரவி தந்தி படித்தான். பையோடு வெளியே போனான். எங்கே என்று சொல்லவில்லை. கைத்தடி எடுத்துப் போனான். நீங்கள் என்ன எழுதினீர்கள்?"

நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கால் எலும்பு கூடி இன்னும் முழுதாக ஊன்ற முடியாத பிள்ளை. கோபத்தில் மலைநாட்டுக்குப் போனானா? கூட்டாளி வீட்டுக்கா? அந்தச் சிவப்பு வண்டியை எடுத்துக்கொண்டு போய் எங்காவது மோதினானா? ஒரு தகப்பனுடைய கற்பனையைப் போல வேகமாக ஓடும் வண்டியை எந்தக் கம்பெனியும் செய்ததில்லை.

"கைத்தடி எடுத்துண்டு போனான்னா புத்தி தெளிவா இருக்குன்னு அர்த்தம்" என்றார் டாக்டர், இப்போது காய்ச்சல் டாக்டராக. மாமி உள்ளே போய் விளக்கேற்றிவிட்டு வந்து, "பெருமாள் பார்த்துப்பார். நீங்க முதல்ல சாதம் சாப்பிடுங்கோ" என்றார். அன்று மட்டும் இரண்டாம் கரண்டி வைக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் முதல் ஆளாகத் தந்தி ஆபீஸ் வாசலில் நின்று, மனைவிக்கு ஒரு தந்தி கொடுத்தேன். அங்கிருந்து நேராக அரியமங்கலத்துக்கு பஸ் பிடித்தேன். நான் வராததால் டாக்டர் தனியாகவே வண்டியைக் கொண்டுவருவதாக ஏற்பாடு. காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் ஏற்றிய ஒருவர் தாரை என் மடியில் வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டார். "கொஞ்சம் பாத்துக்குங்க, அடிபட்டா கறுத்துரும்" என்றார். பட்டறை வரை அந்தத் தாரைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு போனேன். பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தது ஆறுதலாக இருந்தது.

ஏழரை ஆயிற்று. எட்டு ஆயிற்று. வண்டி வரவில்லை. காதர் பாய் டீ வாங்கித் தந்தார். நல்ல டீ.

"பாலத்துல நின்னுருக்கும் சார்" என்றார்.

"இவ்வளவு நேரமோ?"

"தயிர்க்காரம்மா லீவு போட்ருக்கலாம்."

எட்டே காலுக்கு அந்த எஞ்சின் சத்தம் கேட்டது. அந்த வாரத்தில் அந்தச் சத்தத்தை நான் கூட்டத்திலும் பிரித்தறியக் கற்றிருந்தேன். வண்டி வளைவில் திரும்பியது. டாக்டர் பக்கத்தில் இன்னொரு தலை தெரிந்தது. கூரையில்லாத வண்டி என்பதால் எதையும் மறைக்க முடியாது. வெளியே நீட்டிக்கொண்டு ஒரு கைத்தடி.

ரவி வியாழன் இரவே ரயில் ஏறி, காலையில் தலைமன்னாரில் கப்பல் பிடித்து, தனுஷ்கோடியிலிருந்து மறுபடி ரயில். முன்பு மதராஸில் மோட்டார் பந்தயம் பார்க்கப் போக எடுத்த பாஸ்போர்ட். தந்தியில் இருந்த விலாசத்துக்கு விடியற்காலையில் போய்க் கதவைத் தட்டியிருக்கிறான். இதெல்லாம் டாக்டர் பிறகு சொன்னது. அப்போது நான் கேட்கும் நிலையில் இல்லை. எழுந்து நின்றேன், அவ்வளவுதான். காலை ஊன்றுகிறானா, எந்தப் பக்கம் சாய்கிறான் என்று மட்டும் பார்த்தேன்.

ரவி இறங்கினான். சட்டையெல்லாம் கரி. என்னைத் தாண்டிப் பட்டறைக்குள் போனான். சுவரில் மாட்டியிருந்த இரண்டு துண்டுகளையும் பார்த்தான். கழற்றி, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கதவில் வைத்துப் பார்த்தான். காதர் பாயும் டாக்டரும் பரீட்சை முடிவுக்கு நிற்பவர்களைப் போல நின்றார்கள். முந்திய நாள் துண்டுகளையும் கேட்டான். காதர் பாய் கூடையோடு கொண்டுவந்து கொட்டினார். ரவி கீழே உட்கார்ந்து, முறிந்த காலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் புரட்டினான். நாவற்பழம் தின்ற நாக்கு என்று தள்ளப்பட்ட துண்டை எடுத்து, மடியில் வைத்துத் துடைத்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"ரெண்டுமில்லை அப்பா, இதுதான். எங்கட வண்டி மழையில கிடந்தது, வெயிலில இல்லை" என்றான். பக்கத்தில் கிடந்த பெயின்ட் டப்பாவைக் காலால் நகர்த்தி எனக்கு இடம் விட்டான். "வாங்கோ, இப்பிடி இருங்கோ. இதை வடிவாப் பாத்து வைச்சுக்கொள்ளுங்கோ. அடுத்த முறை நான் ஆஸ்பத்திரியில கிடந்தா நீங்கள்தானே அடிக்க வேணும்."